தோலில் துப்பாக்கி உறை: காகிதக் கோடு முதல் இடுப்பு பெல்ட் வரை

கையால் செய்த தோல் உறை என்றதும் பலர் முதலில் பார்ப்பது பளபளப்பையும் பூ வேலைப்பாட்டையும்தான். செய்பவர் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. விசை முழுவதும் மூடியிருக்கிறதா? துப்பாக்கியை உருவிய பிறகும் உறையின் வாய் திறந்தே நிற்கிறதா? இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் அது பார்க்க அழகான ஆபத்து. இரண்டும் பெரும்பாலும் காகிதத்தில் கோடு போடும்போதே முடிவாகிவிடுகின்றன. அதனால் இங்கே காகித வேலைக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன், சாயத்துக்குக் கொஞ்சம்தான்.

எடுத்துக்கொள்ளும் மாதிரி, இடுப்புக்கு வெளியே பெல்ட்டில் மாட்டும் பான்கேக் உறை. இரண்டு தோல் துண்டுகளை நடுவில் துப்பாக்கிக்கு இடம் விட்டு இருபுறமும் தைப்பது. முதல்முறை செய்பவருக்கு இதுவே நல்லது. இரண்டு பக்கத் தையலையும் தனித்தனியாகத் திருத்தலாம், உடலோடு ஒட்டி நிற்கும், பெல்ட் இழுப்பதால் துப்பாக்கியைப் பிடித்தும் வைக்கும்.

வேலை தொடங்கும் முன்

துப்பாக்கிக்கு உரிமம், அதை வெளியே எடுத்துச் செல்ல அனுமதி, உடைக்குள் மறைத்து வைக்கலாமா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். உறை செய்யும் முன் அதைத் தெரிந்துகொள்ளுங்கள். மறைத்து எடுத்துச் செல்வதா, வெளியே தெரியும்படியா என்பதைப் பொறுத்துத்தான் உறையின் வடிவமே அமையும்.

அடுத்தது, மேசையில் எது இருக்கப்போகிறது என்பது. வேலைக்கு ஏற்றது உண்மைத் துப்பாக்கி இல்லை. அதே அளவில் கெட்டிப் பிளாஸ்டிக்கில் வார்த்த பொம்மை அச்சு. 'புளூ கன்' என்று அழைக்கப்படும் இந்த நீல நிற அச்சுகள் பிரபலமான மாடல்கள் பலவற்றுக்கும் கிடைக்கின்றன. சுடாது, துருப்பிடிக்காது, ஈரத் தோலுக்குள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கிடக்கும். உங்கள் மாடலுக்கு அச்சு கிடைத்தால் வாங்கிவிடுங்கள். முழு வேலையிலும் இதைவிடப் பெரிய பாதுகாப்புச் செலவு எதுவும் இல்லை.

அச்சு கிடைக்காமல் உண்மைத் துப்பாக்கியையே பயன்படுத்த வேண்டியிருந்தால் வரிசை முக்கியம். பாதுகாப்பான திசையில் நீட்டிப் பிடித்து, விரலை விசைக்கு வெளியே வைத்து, முதலில் தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியான மேகசினைக் கழற்றுங்கள். அதன் பிறகே ஸ்லைடை (துப்பாக்கியின் மேல் முன்பின் நகரும் பகுதி) இழுத்து, சேம்பரில் (சுடுவதற்குத் தோட்டா ஏறி நிற்கும் இடம்) இருப்பதை வெளியேற்ற வேண்டும். வரிசையை மாற்றினால், ஸ்லைடை விடும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டா சேம்பருக்குள் ஏறிவிடும். ஸ்லைடைத் திறந்து நிறுத்தி, சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவிப் பாருங்கள். ரிவால்வர் என்றால் உருளையைத் திறந்து எல்லா அறைகளும் காலியா என்று எண்ணிப் பாருங்கள். அப்புறம் தோட்டாக்களை நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே வைக்காமல் வேறு அறையில் பூட்டிவிடுங்கள். தேநீர் குடிக்க எழுந்து போய் வந்தால்கூட இந்தச் சோதனையை மீண்டும் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

தோல்: இதில் சமரசம் வேண்டாம்

உறைக்குத் தாவரப் பதனீடு செய்த மாட்டுத் தோல் வேண்டும். மரப்பட்டைகளில் இருக்கும் டானின் கொண்டு பதனிட்ட இந்தத் தோலை நனைத்தால் களிமண் போல வளையும், காய்ந்தால் அந்த வடிவத்திலேயே விறைத்து நிற்கும். பைகளுக்கும் மேலாடைகளுக்கும் வரும், குரோமிய உப்புகளால் பதனிட்ட குரோம் தோலில் இது நடக்காது. அது என்ன செய்தாலும் தொளதொளவென்றுதான் இருக்கும், உருவியதும் வாய் மடங்கிவிடும். அதில் மிஞ்சியிருக்கும் உப்புகள் இரும்பை அரிக்கவும் செய்யும். விலை குறைவு என்று குரோம் தோலில் உறை செய்வதைவிட, செய்யாமலே இருக்கலாம்.

கனம் 3 முதல் 3.5 மில்லிமீட்டர். தோல் வியாபாரிகள் இதை அவுன்ஸ் கணக்கில் சொல்வார்கள். ஒரு அவுன்ஸ் என்பது அங்குலத்தில் 64இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 0.4 மில்லிமீட்டர். ஆக 8 அவுன்ஸ் தோல் 3.2 மில்லிமீட்டர். சிறிய துப்பாக்கிக்கு 7, பெரிய ரிவால்வருக்கு 9 வரை போகலாம். தோலின் முதுகுப் பகுதி அல்லது தோள் பகுதியிலிருந்து வெட்டிய துண்டாகக் கேளுங்கள். வயிற்றுப் பகுதி நெகிழ்ந்துகொண்டே போகும், கொஞ்ச நாளில் பிடிப்பு விட்டுவிடும்.

காகித வடிவம்

கெட்டியான அட்டையின் நடுவில் ஒரு நேர்க்கோடு போட்டு, குழல் அந்தக் கோட்டோடு ஒத்திருக்கும்படி அச்சைப் படுக்க வையுங்கள். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரையுங்கள். பென்சில் உள்பக்கம் சாய்ந்தால் வரைபடம் சிறுத்துப் போகும். விசை, விசையைச் சுற்றியுள்ள வளையம், பாதுகாப்பு நெம்புகோல், மேகசினை விடுவிக்கும் பொத்தான், முன்குறி (குறிபார்க்கக் குழல் நுனியின் மேல் நிற்கும் சிறு மேடு) ஆகியவற்றின் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது தையல் கோடு. துப்பாக்கி தட்டையான பொருள் இல்லை. தோல் அதன் பக்கவாட்டில் ஏறி இறங்க வேண்டும். ஆகவே வரைந்த உருவத்திலிருந்து எவ்வளவு தள்ளித் தைப்பது என்பதுதான் கேள்வி. தொடக்கக் கணக்கு இது: அந்த இடத்தில் துப்பாக்கியின் தடிமனில் பாதி, அதோடு தோலின் ஒரு கனம். ஸ்லைடு 26 மில்லிமீட்டர் தடிமன், தோல் 3 மில்லிமீட்டர் என்றால் 13 கூட்டல் 3, அதாவது 16 மில்லிமீட்டர் தள்ளித் தையல் கோடு வரும். விசை வளையத்தின் தடிமன் 14 மில்லிமீட்டர் என்றால் அங்கே 10 போதும். இதனால்தான் தையல் கோடு உருவத்துக்கு இணையாக ஒரே தூரத்தில் ஓடாது. இடத்துக்கு இடம் அளந்து புள்ளி வைத்து, பிறகு புள்ளிகளை மென்மையான வளைவாக இணைக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே தூரம் விட்டுத் தைத்த உறையில் விசை வளையப் பக்கம் தொளதொளவென்று இருக்கும். அங்கே கிடைக்க வேண்டிய பிடிப்பு போய்விடும்.

ரிவால்வரில் உருளைதான் அகலமான இடம். அங்கே தையல் வெளியே புடைத்து, உருளைக்கு முன்னால் உடனே உள்ளே திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம்தான் ரிவால்வரைப் பிடித்து நிறுத்துகிறது.

விசை வளையத்தை முழுவதும் மூடுங்கள். இதில் பேச்சுக்கே இடமில்லை. 1920களில் அமெரிக்காவின் எல் பாசோவில் மைரஸ் சேணக் கம்பெனி பிரபலமாக்கிய டாம் த்ரீபெர்சன்ஸ் உறையில் (ஒரு காவல் அதிகாரியின் பெயர் அது) விசை வெளியே தெரியும். வேகமாக உருவ வசதி என்று அப்போது அப்படி வெட்டினார்கள். பழைய ரிவால்வர் உறைகளின் படங்களைப் பார்த்து அதை அப்படியே நகலெடுக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1982இல் வந்த க்ளாக் போன்ற துப்பாக்கிகளில் தனியாகத் தள்ளும் பாதுகாப்பு நெம்புகோல் கிடையாது. விசையை அழுத்தினாலே உள்ளே உள்ள பூட்டுகள் வரிசையாக விலகிவிடும். அப்படிப்பட்ட துப்பாக்கிக்கு விசையை மூடும் உறையே ஒரு பாதுகாப்புக் கருவி. தோல் விளிம்பு விசை வளையத்தின் பின்கோடியைத் தாண்டி இருக்க வேண்டும். அதே நேரம் கைப்பிடியை முழுவதுமாகப் பற்றுவதற்கு விரல்களுக்கு இடமும் வேண்டும். உறைக்குள் இருக்கும்போதே முழுப் பிடி கிடைக்காவிட்டால், உருவிய பிறகு பிடியை மாற்ற வேண்டிவரும். அந்த நொடியில் விரல் எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

உடல் பக்கத் துண்டை மேலே கொஞ்சம் நீட்டி வெட்டலாம். அது வியர்வையைத் தடுக்கும், துப்பாக்கியைத் திரும்ப வைக்கும்போது வழிகாட்டியாகவும் நிற்கும். ஆனால் அந்த நீட்சி மெல்லியதாக இருந்தால் நாளடைவில் உள்பக்கம் சுருண்டு உறைக்குள் விழும். நீட்டுவதானால் கனமான தோலில் நீட்டுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

தையல் கோட்டுக்கு வெளியே பெல்ட் துளைகளுக்கான இறக்கைகள் வரும். 38 மில்லிமீட்டர் பெல்ட்டுக்கு 40 மில்லிமீட்டர் நீளத் துளை. தையலிலிருந்து குறைந்தது 10 மில்லிமீட்டரும், வெளி விளிம்பிலிருந்து 15 மில்லிமீட்டரும் தள்ளி இருக்கட்டும். உறை இடுப்பில் சற்று முன்சாய்ந்து நிற்க வேண்டுமானால் 10 முதல் 15 டிகிரி சாய்வில் பெல்ட் கோட்டை வரைந்து அதில் துளைகளைக் குறியுங்கள். இடுப்பின் பக்கத்தில் எலும்புக்குப் பின்னால் அணிபவருக்குச் சாய்வு தேவை. நேர் பக்கத்தில் அணிந்தால் நேராகவே இருக்கட்டும்.

தோலைத் தொடும் முன் மலிவான தோல் துண்டிலோ தடித்த ரப்பர் தாளிலோ ஒன்று வெட்டி, கிளிப்புகள் போட்டுப் பாருங்கள். அரைமணி நேர வேலை, ஒரு நல்ல தோலைக் காப்பாற்றும்.

வெட்டுதல், ஒட்டுதல், தைத்தல்

வடிவத்தைத் தோலின் மேல்பக்கத்தில் வைத்துக் கோடு கிழியுங்கள். இரண்டு துண்டுகளும் கண்ணாடி பிம்பமாக இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஒரே பக்கமாக இரண்டையும் வெட்டிவிட்டால் ஒன்று குப்பைக்குத்தான். கத்தி கூர்மையாக இருக்கட்டும். மழுங்கிய கத்திதான் அழுத்தம் கேட்கும், அழுத்தினால்தான் வழுக்கிக் கையை வெட்டும். பெல்ட் துளையின் இரு முனைகளிலும் வட்டத் துளை போட்டுவிட்டு இடையில் வெட்டுங்கள். மூலை கூராக இருந்தால் அங்கிருந்துதான் கிழியத் தொடங்கும்.

உறையின் வாய்ப் பகுதியில் வெளித்துண்டின் மேல் இன்னொரு தோல் பட்டையை வைத்துத் தைப்பது நல்லது. துப்பாக்கியை எடுத்ததும் வாய் மூடிக்கொள்ளாமல் தாங்கி நிற்பது அந்தப் பட்டைதான். பெல்ட் இறுக்கும்போது உறை தட்டையாவதையும் அது தடுக்கும். பட்டையையும், பின்னால் கை எட்டாமல் போகும் விளிம்புகளையும் ஒட்டும் முன்பே சீவி மெருகேற்றி முடித்துவிடுங்கள்.

ஒட்டப்போகும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ரப்பர் பசையை இரண்டு பரப்பிலும் மெல்லியதாகப் பூசுங்கள். கையில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து அழுத்துங்கள். பசை தையல் கோட்டுக்கு உள்ளே வழியக் கூடாது. அதன் ஆவி எளிதில் தீப்பற்றும், தலையையும் சுற்றும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அருகில் அடுப்பு வேண்டாம்.

தையலுக்கு இரட்டை ஊசிச் சேணத் தையல்தான். ஒரே நூலின் இரு முனைகளிலும் ஒவ்வொரு ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து நுழைந்து வெளியே வரும். தையல் இயந்திரம் போடும் தையலில் ஒரு நூல் அறுந்தால் வரிசையே பிரியத் தொடங்கும். சேணத் தையலில் ஓரிடத்தில் அறுந்தாலும் அந்தத் துளையில் இன்னொரு நூல் தாங்கும். ஆயுதத்தைத் தாங்கும் பொருளுக்கு இந்த உறுதி தேவை. மெழுகு தடவிய 0.8 முதல் 1 மில்லிமீட்டர் பாலியஸ்டர் அல்லது லினன் நூல் எடுத்துக்கொள்ளுங்கள். நூலின் நீளம் தையல் நீளத்தைப் போல நான்கு மடங்கு, கனமான தோலுக்கு இன்னும் சற்று அதிகம். துளைக்குத் துளை 4 மில்லிமீட்டர் இடைவெளி. இரண்டு மூன்று அடுக்குத் தோலில் குத்தூசி சாய்ந்து போனால் பின்பக்கத் தையல் கோணலாகும், கூடவே உறையின் உள்ளளவும் மாறும். குத்தூசி நேராக இறங்குகிறதா என்று அடிக்கடி பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். முடிவில் மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து நூலை வெட்டுங்கள்.

தைத்து முடிந்ததும் விளிம்புகளை உப்புத்தாளால் சமப்படுத்தி, லேசாக நனைத்து, வழவழப்பான மரத்துண்டால் வேகமாகத் தேய்த்தால் பளபளப்பு வரும். சாயம் போடுவதானால் இந்தக் கட்டத்தில் போட்டு, காய்ந்த பிறகு துணியில் நிறம் ஒட்டாத வரை துடைத்துவிடுங்கள். துடைக்காத சாயம் சட்டையில் இறங்கும்.

நனைத்து வார்த்தல்

வெதுவெதுப்பான தண்ணீரில் உறையை முக்குங்கள். குமிழிகள் வேகமாக வந்து குறையத் தொடங்கியதும் எடுத்துவிடுங்கள். ஊறப்போட வேண்டியதில்லை. மேற்பரப்பில் மினுக்கும் ஈரம் போய், தோலின் நிறம் சற்று வெளிறத் தொடங்கும்வரை காத்திருந்தால் வார்க்கும் பதம் வந்துவிடும்.

அச்சின் மேல் முன்குறியிலிருந்து பின்நோக்கி ஒரு மெல்லிய மரக்குச்சியை ஒட்டிக்கொண்டு, அச்சை உறைக்குள் நுழையுங்கள். அது முன்குறிக்கு ஒரு பாதை செய்து வைக்கும். பாதை இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை உருவும்போதும் முன்குறி தோலைச் சுரண்டிக்கொண்டு வரும். பாதுகாப்பு நெம்புகோல் இருக்கும் இடத்திலும், மேகசின் பொத்தான் இருக்கும் இடத்திலும் சிறு அட்டைத் துண்டை ஒட்டி உயர்த்துங்கள். உறை அவற்றை அழுத்தாமல் இருக்க இந்த இடைவெளி வேண்டும். இடுப்பில் சாய்ந்து உட்காரும்போது மேகசின் கழன்று விழுவதற்கும், பூட்டி வைத்த நெம்புகோல் தானாக விடுபடுவதற்கும் காரணம் பெரும்பாலும் இந்த இடத்தில் இறுக வார்த்த தோல்தான்.

உண்மைத் துப்பாக்கியை வைத்து வார்த்தால், மேலே சொன்ன காலிச் சோதனையை மீண்டும் செய்து, மெல்லிய எண்ணெய் பூசி, பிளாஸ்டிக் தாளால் இரண்டு சுற்று சுற்றி நுழையுங்கள். வார்த்து முடிந்ததும் உடனே உருவித் துடைத்து எண்ணெய் போட்டுவிடுங்கள்.

முதலில் கட்டை விரலால் அழுத்தி வடிவத்தைக் கொண்டுவாருங்கள். பிறகு எலும்புக் கருவி அல்லது முனை மழுங்கிய பிளாஸ்டிக் துண்டால் விசை வளையத்தின் உட்குழியையும், காலித் தோட்டா வெளியேறும் துவாரத்தின் விளிம்பையும் மட்டும் எடுத்துக்காட்டுங்கள். இந்த இரண்டு இடங்களும்தான் துப்பாக்கியைப் பிடித்து வைப்பவை. படங்களில் பார்க்கும் உறைகளில் ஒவ்வொரு திருகும் ஒவ்வொரு பள்ளமும் செதுக்கியது போல் தெரியும். அது விற்பனைக்கான அழகு என்பது என் கருத்து. அளவுக்கு மீறி ஆழமாக வார்த்தால் துப்பாக்கி மாட்டிக்கொண்டு வெளியே வராது. விசை வளையத்தின் குழியிலும் தோல் விசையைத் தொடும் அளவுக்கு அழுத்தக் கூடாது.

அச்சை உருவிவிட்டு, வாய் விரிந்தபடி காற்றோட்டமான நிழலில் ஒரு முழு நாளாவது காயட்டும். வெயிலும் சூடான காற்றும் அவசரத்துக்கு உதவுவதுபோல் தெரியும். ஆனால் ஈரத் தோல் சூட்டில் சுருங்கும், வெடிக்கும். சூடு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழுக்கக் காய்ந்த உறையைத் தட்டினால் மரப்பலகை போலச் சத்தம் வரும்.

எண்ணெய் மிகக் கொஞ்சம். தோலுக்கு நல்லது என்று மாட்டுக்கால் எண்ணெயைத் தாராளமாகத் தடவுகிறவர்கள், வார்த்துச் சம்பாதித்த விறைப்பைத் தங்கள் கையாலேயே கெடுத்துக்கொள்கிறார்கள். மெல்லிய ஒரு பூச்சு, அதன் மேல் மெழுகு அல்லது நீர்த்த அக்ரிலிக் பூச்சு. அவ்வளவு போதும்.

பொருத்திப் பார்த்தல்

சோதனைகள் எல்லாம் காலித் துப்பாக்கியில்தான். தோட்டா வேறு அறையில்.

முதலில் துப்பாக்கியை மெதுவாக உறைக்குள் நுழையுங்கள். முழுவதும் உள்ளே போனதும் விசை இருக்கும் இடத்தை வெளியிலிருந்து விரலால் நன்றாக அழுத்திப் பாருங்கள். விசை சற்றும் அசையக் கூடாது. பக்கவாட்டிலிருந்தோ கீழிருந்தோ ஒரு பென்சில் முனைகூட விசையைத் தொட முடியக் கூடாது. அடுத்து, துப்பாக்கியின் விசையமைப்பைத் தயார் நிலையில் வைத்து, பல முறை வேகமாகவும் மெதுவாகவும் உறைக்குள் வைத்து எடுங்கள். ஒரு முறையாவது சொடுக்குச் சத்தம் கேட்டால் அந்த உறை பெல்ட்டுக்குப் போகக் கூடாது, திரும்ப மேசைக்குத்தான்.

பிடிப்பைச் சோதிக்க, மெத்தைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் உறையைத் தலைகீழாகப் பிடித்து லேசாகக் குலுக்குங்கள். விழக் கூடாது. விழுந்தால் மீண்டும் நனைத்து விசை வளையத்தின் குழியைக் கொஞ்சம் ஆழமாக்கலாம். அல்லது தையல் கோட்டுக்கு உள்ளே இன்னொரு வரிசை தைக்கலாம். புது உறை எதிர்மாறாக, இழுத்தும் வராத அளவுக்கு இறுக்கமாக இருப்பதுதான் அதிகம். அப்போது அச்சை மெழுகுத் தாளில் சுற்றி நுழைத்து, இருபுறமும் லேசாக அசைத்து, ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் சரியாகிவிடும். எண்ணெய் ஊற்றித் தளர்த்தாதீர்கள்.

மேலே வார் வைத்த உறையானால் இன்னொரு சோதனை உண்டு. வாரை அவிழ்த்து விட்டு, அதன் நுனி வாய்க்குள் மடங்கி விசை வளையம் வரை போகிறதா என்று பாருங்கள். போகுமானால் வாரை வெட்டிக் குறுக்குங்கள், அல்லது உள்ளே இரும்புத் தகடு வைத்து விறைப்பாக்குங்கள்.

கடைசியாக, உண்மையில் அணியும் பெல்ட்டில், உண்மையில் அணியும் உடையோடு. பெல்ட் கெட்டியாக இருக்க வேண்டும். தளர்ந்த பெல்ட்டில் எவ்வளவு நல்ல உறையும் தொங்கும், உருவும்போது கூடவே மேலே வரும். உட்காருங்கள், குனியுங்கள், காருக்குள் ஏறி இறங்குங்கள். சட்டை நுனியோ கயிறோ வாய்க்குள் இழுபடுகிறதா என்று கவனியுங்கள். பலரும் உருவுவதில்தான் ஆபத்து என்று நினைக்கிறார்கள். துப்பாக்கியைத் திரும்ப வைக்கும்போது துணியோ விரலோ தோல் மடிப்போ விசையில் மாட்டுவதும் அதே அளவுக்குக் கவனிக்க வேண்டியது. வைக்கும்போது விரல் வெளியே நீண்டிருக்க, கண் உறையின் வாயைப் பார்க்க, கை மெதுவாக இறங்க வேண்டும். அங்கே அவசரப்பட எந்தக் காரணமும் இல்லை.

பயன்பாட்டில்

துப்பாக்கியை உறையிலேயே வைத்து அலமாரியில் பூட்டாதீர்கள். தோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரமும் தோலில் உள்ள டானினும் சேர்ந்து எஃகைத் துருவாக்கும், பித்தளைத் தோட்டாக்களில் பச்சைப் பாசி போல் படியும். நனைந்த உறையைத் துடைத்து நிழலில் காயவிடுங்கள், துப்பாக்கியைத் தனியாகத் துடைத்து வையுங்கள்.

மாதம் ஒரு முறை வாயின் விளிம்பை விரலால் அழுத்திப் பாருங்கள். தையலில் நூல் தேய்ந்திருக்கிறதா, பெல்ட் துளையின் மூலையில் கீறல் ஓடுகிறதா என்றும் பாருங்கள். நூல் தேய்ந்தால் மறுபடி தைக்கலாம். வாய்ப்பகுதி மென்மையாகி உள்ளே மடியத் தொடங்கிவிட்டால் ஒட்டுப் போட்டுச் சரிசெய்ய நினைக்காதீர்கள். மடிந்த தோல் விசை வளையத்துக்குள் புகுந்து, விரல் படாமலே துப்பாக்கி வெடித்த விபத்துகள் நடந்திருக்கின்றன. அப்படிப்பட்ட உறையைக் கழித்துவிட வேண்டியதுதான். கழிக்கும்போது கத்தியால் இரண்டாக வெட்டிப் போடுங்கள். முழுதாக விட்டால் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள்.